ராசா போட்ட கோடும் நான் விட்ட சொல்லும்

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருடங்களாக இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். இந்தத் தொடரில் ஒவ்வொரு கிழமையும் ஏதாவது எழுதித்தான் கொடுத்தேன். முதல் பனியில் சறுக்கி விழுந்ததை எழுதினேன். பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் விரல் நசுங்கியதை எழுதினேன். இதை மட்டும் அடுத்த கிழமை பார்ப்போம், அடுத்த கிழமை பார்ப்போம் என்று தள்ளிவைத்தேன்.

காரணம் ஒளிக்கவேண்டியதல்ல. மற்றவைகளில் எனக்கு நடந்ததைச் சொன்னேன். இதில் நான் செய்ததைச் சொல்லவேண்டும்.

முருகன் முன்னால் சொல்லி முடித்தாயிற்று. இனி உங்களுக்குச் சொல்வதில் பயமில்லை.

வெள்ளிக்கிழமை, பத்தரை மணி

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மாசி மாதத்து வெள்ளிக்கிழமை. ஸ்காபரோவில் ஒரு அரசாங்கக் கட்டிடம், மூன்றாம் மாடி. சப்பாத்துகளில் ஒட்டி வந்த பனி கம்பளத்தில் உருகி, அறை முழுக்க நனைந்த கம்பளி மணம்.

மேசைக்கு அந்தப் பக்கம் குடியுரிமை நீதிபதி, ஒரு பெண். வெள்ளைத் தலைமயிர், கழுத்தில் சங்கிலி கட்டித் தொங்கும் கண்ணாடி. இந்தப் பக்கம் எங்கள் கட்டிடத்தின் பதினோராம் மாடியில் இருந்த நாகேசக்கா. முழுப்பெயர் நாகேஸ்வரி, வயது அறுபத்திரண்டு. மாம்பழ நிறச் சேலைக்கு மேலே மண்ணிறக் கோட்டுப் போட்டு, கடைசிப் பொத்தான் வரைக்கும் பூட்டியபடி இருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளனாக நான்.

நாகேசக்கா தமிழில் சொன்னதை நான் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். நீதிபதி குனிந்து எழுதத் தொடங்கினார். அப்போது என் கோட்டுக் கையில் ஒரு விரல் தட்டியது.

“தம்பி, நான் சொன்னதை நீர் சொல்லேல்லை.”

“சொன்னனான் அக்கா.”

“இல்லை. காணிக்காரர் எண்டு நான் சொன்னனான். நீர் சொன்னதில ‘லாண்ட்’ வரேல்லை.”

நீதிபதியின் பேனை நின்றது. “என்ன சொல்கிறார்?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

சட்டைப் பையில் திருநீறு மடித்த காகிதச் சரை. வயிற்றில் வெள்ளிக்கிழமை விரதம். வாயில் பொய்.

நாகேசக்காவை அந்தக் கதிரையிலேயே கொஞ்சம் இருக்க விட்டுவிட்டு, நான் அந்தப் பொய்க்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று சொல்கிறேன்.

பார்ட்டி ரூம் பள்ளிக்கூடம்

நான் படித்தது எட்டாம் வகுப்பு வரைக்கும். ஆனால் எங்கள் கட்டிடத்தில் முதல் குடியுரிமை எடுத்த தமிழன் நான்தான். அதனால் கொஞ்சம் தலை வீங்கியிருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

கோயிலில் பூசை முடிந்து சாப்பிட்டு வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில், கீழ்த்தளத்தில் இருந்த பார்ட்டி ரூமில் ஆறேழு பேரைக் கூட்டிவைத்துப் படிப்பிக்கத் தொடங்கினேன். குடியுரிமைக்கு என்று அரசாங்கம் தந்த சின்னப் புத்தகத்தை, அகராதியைப் பார்த்துப் பார்த்து ஒரு கொப்பியில் தமிழில் எழுதினேன். அந்தக் கொப்பியைத்தான் எல்லாரும் போட்டோக் கொப்பி எடுத்தார்கள். மில்லிக்கன் பக்கத்துக் கட்டிடங்கள் வரைக்கும் போனது. என் கையெழுத்து அவ்வளவு தூரம் போனதில் எனக்குப் பெருமை.

பிழைகளும் அவ்வளவு தூரம் போயின.

அமெரிக்காவில் இருந்த ஆட்கள் அரசனுக்கு எதிராகக் கிளம்பியபோது, அரசனோடு நின்ற குடும்பங்கள் கனடாவுக்கு ஓடி வந்தன என்று புத்தகத்தில் ஒரு பாடம். அப்படி வந்தவர்களின் ஆங்கிலப் பெயருக்கு நான் அகராதியில் கண்ட சொல்லை எழுதினேன்: விசுவாசிகள்.

மன்னாரிலிருந்து வந்த மரியதாஸ் அண்ணை கையை உயர்த்தினார். எந்த ஞாயிறும் பூசை தவறவிடாத கத்தோலிக்கர்.

“அப்ப, தம்பி, இந்த நாட்டுக்கு முதல் வந்தது எங்கட ஆக்கள் எண்டுறீர்.”

“ஏன் அண்ணை?”

“விசுவாசிகள் எண்டு நீரே எழுதியிருக்கிறீர். எங்கட சாமியார் ஒவ்வொரு ஞாயிறும் எங்களைத்தானே அப்பிடிக் கூப்பிடுறவர்!”

அறை முழுக்கச் சிரிப்பு. அதே மனுசன்தான், துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள் என்று நான் வாசித்தபோது, “உது எங்கட இலங்கைத் தேயிலையோ?” என்று கேட்டவர். “ஓம், பின்ன?” என்று நானும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டேன். உலகத்தில் தேயிலை என்றால் எங்களுடையதுதானே. பிறகு நூலகத்தில் விசாரித்தால், அந்தக் காலத்தில் எங்கள் மலைகளில் ஒரு தேயிலைக் கன்றுகூட நடவில்லையாம். அது சீனத்துத் தேயிலை. அடுத்த ஞாயிறு அதைத் திருத்திச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மரியதாஸ் அண்ணை எங்கேயாவது இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தால், பிழை என்னுடையது.

லாண்டட்

நாகேசக்காவுக்கு ஆங்கிலத்தில் பத்துச் சொல்லுக்குமேல் தெரியாது. ஆனால் தெரிந்த சொல்லைக் கல்லில் வெட்டினமாதிரி வைத்திருப்பார்.

அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டு, நிரந்தரமாக இருக்க அனுமதி கிடைத்தால் அதை நாங்கள் எல்லாரும் ‘லாண்டட்’ என்போம். ரொறொன்ரோத் தமிழர் வாயில் அந்தக் காலத்தில் முருகனுக்கு அடுத்தபடியாக வந்த சொல் அதுதான். நாகேசக்காவுக்கு அந்தக் கடிதம் வந்த நாள், அதை வாசித்துச் சொன்ன சின்ன மகளிடம் அவர் கேட்டாராம்: “லாண்ட் எண்டால் காணிதானே? எத்தினை ஏக்கர் பிள்ளை?”

கட்டிடம் முழுக்கச் சொல்லிச் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை.

அவருக்குக் குடியுரிமை ஏன் அவசரம் என்பதையும் சொல்லவேண்டும். மூத்த மகள் திருச்சியில். கலியாணம் முடித்துப் பதினொரு வருடம் கழித்து வயிற்றில் ஒரு பிள்ளை. ஆனி மாதம் நாள் குறித்திருந்தார்கள். தாயும் மகளும் கண்டு ஒன்பது வருடம். நாகேசக்காவிடம் இருந்த பயணப் பத்திரத்துக்கு இரண்டு தரம் விசா மறுத்துவிட்டார்கள். கனடாப் பாஸ்போட் இருந்தால் போகலாம். இல்லாவிட்டால் பிள்ளை பிறந்த செய்தியைத் தொலைபேசியில்தான் கேட்கவேண்டும்.

“நான் போய் அவளுக்குச் சரக்கு அரைச்சுக் குடுக்கவேணும் தம்பி. வேற ஒண்டும் வேண்டாம்” என்பார். பிள்ளைப் பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்குத்தூளைத் தாய் கையால் அரைக்கவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

குடியேற்றம்

அந்த ஞாயிறு நான் கொப்பியைப் பார்த்து உரத்து வாசித்தேன்: “பதின்மூன்று குடியேற்றங்களில் இருந்த மக்கள் தங்கள் தாய்நாட்டுக்கு எதிராகக் கிளர்ச்சி செய்தார்கள்.”

“ஆர்?” என்றார் நாகேசக்கா.

“குடியேற்றத்தில இருந்தவை அக்கா.”

“குடியேற்றக்காரர் என்னத்துக்குக் கிளர்ச்சி செய்யவேணும்? அவைக்குத்தானே வீடு, தண்ணி, உழவு மெசின் எல்லாம் குடுக்கிறது?”

இரண்டொருவர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

நாகேசக்கா திருகோணமலைப் பக்கத்தில் ஒரு குளத்தடி ஊர். அந்தப் பக்கத்தில் குடியேற்றம் என்றால் ஒரேயொரு கருத்துத்தான். அரசாங்கம் வேறு இடத்து ஆட்களைக் கொண்டுவந்து, காணி வெட்டிக் கொடுத்து இருத்துவது. நாகேசக்காவின் தகப்பன் வழிவந்த வயல் அப்படித்தான் ஒரு போகத்துக்கும் அடுத்த போகத்துக்கும் நடுவில் கைமாறியது. காலையில் எருமைகளைச் சாய்த்துக்கொண்டு போனபோது, வரம்பில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த கட்டைகள் நட்டிருந்தனவாம். அகராதியைப் பார்த்து எழுதிய எனக்கு அது வெறும் சொல். அவருக்கு அது சுண்ணாம்புக் கட்டை.

நான் அதை விளங்காமல், பாடம் நடத்தும் வேகத்தில் சொன்னேன்: “இல்லை அக்கா, இந்தக் குடியேற்றக்காரற்றை பக்கம் நியாயம் இருந்தது. புத்தகத்தில மூண்டு காரணம் போட்டிருக்கு.”

“குடியேற்றக்காரனுக்கு நியாயம் சொல்லுற புத்தகமோ உது?”

கொப்பியை மூடினார். கண்ணாடியைக் கூட்டில் வைத்தார். எழும்பி, லிப்ட் இருக்கிற பக்கம் நடந்துபோனார்.

அடுத்த ஞாயிறும் வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் வரவில்லை. குடியுரிமை நேர்முகத்துக்கு ஆறு கிழமை இருந்தது.

சிவப்புப் பேனைக் கோடு

என் மனைவி தேவகி வாய்க்காரி. “உங்கட சொல்லாலதானே அந்த மனுசி வெளிக்கிட்டது? நீங்களே போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ. சும்மா முருகா முருகா எண்டு சோபாவில இருந்தால் அவர் வந்து பதினோராம் மாடிக்கு ஏறுவாரோ?”

வெறுங்கையோடு போகவும் முடியாது, விளக்கம் இல்லாமல் போகவும் முடியாது. உண்மையில் அந்தக் குடியேற்றக்காரர் ஏன் கிளம்பினார்கள் என்று எனக்கே சரியாகத் தெரியாது. மூன்று வரியைப் பாடமாக்கி வைத்திருந்தேன், அவ்வளவுதான். வேலை முடிந்து வரும் வழியில் நூலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த பெண் என் ஆங்கிலத்தைப் பொறுமையாகக் கேட்டு, சின்னப் பிள்ளைகளுக்கான படப் புத்தகம் ஒன்றை எடுத்துத் தந்தார். எனக்கு அது போதும்.

அதில் ஒரு வரைபடம். கிழக்கே கடற்கரை, அதை ஒட்டிப் பதின்மூன்று குடியேற்றம். மேற்கே மலைத்தொடர். மலை நீளத்துக்கு ஒரு கோடு.

நான் அதை ஒரு பெரிய காகிதத்தில் பார்த்து வரைந்தேன். கோட்டைச் சிவப்புப் பேனையால் போட்டேன். வெள்ளிக்கிழமைப் பூசையில் தந்த மோதகம் நாலை எடுத்துக்கொண்டு பதினோராம் மாடிக்குப் போனேன்.

“கோவம் இல்லை தம்பி, இரும்” என்றார். “உந்தச் சொல்லு எனக்குக் காதில ஏறாது. அவ்வளவுதான்.”

“சொல்லு என்ரை பிழை அக்கா. நான் இப்ப சரியாச் சொல்லுறன். நீங்கள் கேட்டியளே, என்னத்துக்குக் கிளம்பினவை எண்டு. ஒண்டு, வரி. தேயிலைக்கு, கடுதாசிக்கு எல்லாம் கடலுக்கு அங்கால இருக்கிற பார்லிமென்ற் வரி போட்டது. இவையின்ரை ஆள் ஒருத்தரும் அங்க இல்லை. கேளாமல் போட்டது.”

“ம்.”

“ரெண்டு, பட்டாளத்தைக் கொண்டுவந்து இவைக்கு நடுவில இருத்தினது. கேளாமல் இருத்தினது.”

“அது எனக்கு விளங்கும். மூண்டாவது?”

நான் காகிதத்தை விரித்தேன். “மூண்டாவது இந்தக் கோடு. இந்த மலைக்கு அங்கால இந்த மண்ணின்ரை பழைய சனம் இருந்தது. அங்கால போய்க் காணி பிடிக்கப்படாது எண்டு ராசா கோடு போட்டவர். குடியேற்றக்காரருக்கு அது பிடிக்கேல்லை.”

நாகேசக்கா மோதகத்தைத் தட்டில் வைத்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டார். காகிதத்தின்மேல் குனிந்து, சிவப்புக் கோட்டை வடக்கிலிருந்து தெற்குவரை விரலால் இழுத்துப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டும் எழும்பவில்லை; நான்தான் போய் நிற்பாட்டினேன்.

“ராசா சொன்னவரோ? குடியேற்றக்காரனைப் பாத்து, இதுக்கு அங்கால போகாதையெண்டு?”

“ஓம் அக்கா.”

“அப்பிடியும் ஒரு அரசாங்கம் இருந்ததோ தம்பி? எங்கட பக்கம் கட்டை நட்டதே அரசாங்கம்தானே.”

அவர் முகத்தில் அன்று கண்டதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சந்தோசமும் இல்லை, கவலையும் இல்லை. தூரத்து உறவுக்காரர் ஒருவரைப் பற்றி நல்லதாக ஒரு சேதி கேள்விப்பட்டவர்போல இருந்தார்.

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“கோடு போடேக்கை அந்தக் காணிக்காரரைக் கேட்டவையோ?”

எனக்கு மறுமொழி தெரியாது. புத்தகத்தில் பார்க்கவுமில்லை. “அது உங்களுக்குத் தேவையில்லை அக்கா. சோதினைக்கு வராது” என்றேன்.

“வராட்டியும் கேக்கலாம்தானே. வரியைக் கேளாமல் போட்டதெண்டு அவை கிளம்பினவை. சரி, நியாயம். பிறகு மற்றவன்ரை காணிக்கு விடேல்லையெண்டும் கிளம்பினவை. அது என்ன நியாயம்? ஒரே வாயால ரெண்டு கதை. அதுதான் கேட்டனான்.”

அடுத்த ஞாயிறு வகுப்புக்கு வந்தார். முதல் வரிசையில் இருந்தார்.

கத்தரிக்கோல்

நேர்முகத்துக்கு மொழிபெயர்ப்பாளரைக் கூட்டி வரலாம் என்று, நாகேசக்காவின் வயதைப் பார்த்துக் கடிதத்தில் அனுமதி கொடுத்திருந்தார்கள். என்னைக் கேட்டார். சம்மதித்தேன்.

அதற்குப் பிறகு எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவர் அந்தக் கேள்வியை நீதிபதியிடம் கேட்டுவிட்டால்? அரசாங்கத்து ஆளிடம் போய், இந்த நாட்டுக் காணி யாருடையது என்று கேட்டால்? ஊரில் நான் ஒரு அரசாங்கக் கந்தோருக்குப் போனால் கும்பிட்டபடி நின்று, கேட்டதற்கு மட்டும் மறுமொழி சொல்லிப் பழகியவன். கொடுக்கிறவனிடம் கேள்வி கேட்கக்கூடாது என்பது என் எலும்பில் ஊறியிருந்தது.

“அக்கா, கேட்டால் மூண்டு காரணத்தையும் சொல்லுங்கோ. அதோட நிப்பாட்டுங்கோ. காணிக் கதையை எடுக்காதேங்கோ. ஆனியை நினைச்சுக்கொள்ளுங்கோ.”

“சரி தம்பி” என்றார். சரி என்றதை நான் நம்பவில்லை.

எங்கள் வீட்டு அடுப்படியிலிருந்து தேவகி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். “அவ சொல்லுறதைச் சொல்லட்டுமன். நீங்கள் ஏன் இப்பவே கத்தரிக்கோலைத் தூக்குறியள்?”

“உனக்கு விளங்காது.”

“எனக்கு விளங்குது. உங்களுக்குத்தான் கால் நடுங்குது.”

இருபது வருடம் ஒரு வீட்டில் இருந்தவளுக்கு எந்த மனுசனாலும் ஒளிக்க முடியாது.

காணி

திரும்பவும் அந்த மூன்றாம் மாடி அறை.

நீதிபதி தலைநகரம் கேட்டார். மாகாணங்கள் கேட்டார். நாகேசக்கா நெல்லைச் சுளகில் புடைக்கிறமாதிரி ஒவ்வொன்றாய் விசுக்கி விசுக்கிச் சொன்னார். நீதிபதி சிரித்தார். பிறகு, அமெரிக்காவிலிருந்து அரசனோடு நின்றவர்கள் ஏன் இங்கே வந்தார்கள் என்று கேட்டார். அதற்கும் சரியான மறுமொழி. எல்லாம் முடிந்தது என்று நான் திருநீற்றுச் சரையைத் தொட்டேன்.

“அப்படியென்றால் மற்றவர்கள் ஏன் கிளம்பினார்கள்?” என்றார் நீதிபதி. கண்டிப்பாக அல்ல, கதை கேட்கிறவர்போல.

நாகேசக்கா வரியைச் சொன்னார், நான் மாற்றினேன். பட்டாளத்தைச் சொன்னார், மாற்றினேன். கோட்டைச் சொன்னார், மாற்றினேன். அதோடு நிற்கவில்லை. கைகளை மடியில் கோர்த்துக்கொண்டு, நீதிபதியின் முகத்தை நேரே பார்த்து, அமைதியாகக் கேட்டார்:

“கோடு போடேக்கை அந்தக் காணிக்காரரைக் கேட்டவையோ?”

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: “அரசர் நல்லவர், மக்கள் சட்டத்துக்கு அடங்கி நடக்கவேண்டும் என்று சொல்கிறார்.”

அதுதான் நான் செய்தது. பத்துச் சொல் ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒரு மனுசியின் வாயை அவருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே மூடினேன். அவருடைய நன்மைக்குத்தான் என்று அந்த நிமிடம் நினைத்தேன். அந்த வயலில் கட்டை நட்டவர்களும் யாரோ ஒருவருடைய நன்மைக்கென்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் அந்தப் பத்துச் சொல்லில் ஒன்று ‘லாண்ட்’. நாங்கள் சொல்லிச் சிரித்த அதே சொல். அது என் வாயிலிருந்து வரும் வரும் என்று அவர் காத்திருந்திருக்கிறார். வரவில்லை.

“என்ன சொல்கிறார்?” என்றார் நீதிபதி இரண்டாம் தரம்.

முருகா என்று மனதுக்குள் ஒருதரம் சொன்னேன். தேவகி சொன்ன கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

“அம்மா, நான் பிழையாகச் சொல்லிவிட்டேன். தெரிந்துதான் பிழையாகச் சொன்னேன். அரசர் நல்லவர் என்று அவர் சொல்லவில்லை. அவர் ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கோட்டைப் போட்டபோது, காணிக்குச் சொந்தக்காரர்களைக் கேட்டார்களா என்று.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். அது சங்கிலியில் தொங்கி மெல்ல ஆடியது. வெளியே பனி அள்ளும் வண்டி பின்னுக்குப் போகும் சத்தம் பீப், பீப் என்று வந்துகொண்டிருந்தது. எனக்கு ஆனி மாதமும் திருச்சியும் கண்ணுக்கு முன்னால் வந்தன. எல்லாவற்றையும் கெடுத்துப்போட்டேன் என்று நினைத்தேன்.

“நான் சொல்வதை அப்படியே சொல்லுங்கள்” என்றார் என்னிடம். “இந்தத் தரம் அப்படியே.”

“சரி அம்மா.”

“கேட்கவேண்டியபடி கேட்கவில்லை. பிறகு அந்தக் கோட்டையும் காப்பாற்றவில்லை. இந்த மேசையில் இருந்து எத்தனையோ பேரிடம் நான் கேள்வி கேட்டிருக்கிறேன். இதை என்னிடம் கேட்டவர் இவர்தான்.”

ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். நாகேசக்கா கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

“நான் நினைச்சனான்” என்றார்.

“அவருக்கு அது எப்படித் தெரியும்?” என்று நீதிபதி கேட்டார்.

“என்ரை தேப்பன்ரை வயலுக்கும் ஒருத்தரும் கேக்கேல்லை எண்டு சொல்லும்.”

அதையும் அப்படியே சொன்னேன். நீதிபதி கண்ணாடியைப் போட்டார், காகிதத்தை இழுத்தார், கையெழுத்து வைத்தார். எழும்பி வந்து நாகேசக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சத்தியப் பிரமாணத்துக்கு நாள் கடிதத்தில் வரும் என்றார்.

நாங்கள் கதவடிக்குப் போகும்போது என்னை மட்டும் கூப்பிட்டார்.

“நீங்களும் குடியுரிமை உள்ளவர்தானே?”

“ஓம் அம்மா. மூன்று வருடம்.”

“பிறகு ஏன் பயந்தீர்கள்?”



மஞ்சள் கோடு

வரும் வழியில் பஸ்ஸில் நாகேசக்கா ஒரு சொல்லும் ஏசவில்லை. கென்னடித் தரிப்பு வந்ததும் மட்டும் சொன்னார்: “நீர் எனக்குத்தான் செய்தனீர், தெரியும். ஆனா என்ரை கதையை நான்தான் சொல்லவேணும்.”

அந்த ஞாயிறு கோயிலில் பிரதட்டை செய்தேன். அந்த நாளில் எங்கள் கோயில் ஒரு பழைய பண்டகசாலைக்குள் இருந்தது. சீமெந்து நிலம், பாரம் தூக்கும் வண்டிகளுக்கென்று அடித்த மஞ்சள் கோடு அழியாமல் கிடந்தது. மாசி மாதத்துக் குளிர் நிலத்திலிருந்து முதுகெலும்புக்குள் ஏறியது. ஈர வேட்டியோடு உருண்டு உருண்டு அந்தக் கோட்டைக் கடக்கும் ஒவ்வொரு தரமும், வேண்டுமென்று விட்ட அந்த ஒரு சொல்லுக்காக மன்னிப்புக் கேட்டேன். எழும்பியபோது மனம் இலேசாக இருந்தது. இன்றுவரைக்கும் இலேசாகத்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ பேருக்கு மொழிபெயர்க்கப் போயிருக்கிறேன். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நீதிமன்றம். சொன்னதைச் சொன்னபடி சொல்லுவேன். தூசணம் சொன்னால் தூசணத்தையும் சொல்லுவேன். தேவகிக்கு அதில் கொஞ்சம் வெட்கம்.

கொப்பியில் அந்தப் பாடத்தையும் திருத்தினேன். விசுவாசிகள் போய், அரசனோடு நின்றவர்கள் என்று வந்தது. குடியேற்றம் என்ற சொல்லை மட்டும் வெட்டவேண்டாம் என்று நாகேசக்காவே சொன்னார். “அந்தச் சொல்லு இருக்கட்டும். அதாலதானே எனக்குக் கேள்வி வந்தது.”

சித்திரையில் சத்தியம் செய்தார். வைகாசி கடைசியில் விமானம் ஏறினார். கையில் கொண்டுபோன பையில் ஒரு சின்ன அம்மிக்குழவி. திருச்சியில் அம்மிக்குழவி இல்லையா என்று விமான நிலையத்தில் எல்லாரும் பகிடி பண்ணினோம். “என்ரை கைக்குப் பழகினது இதுதான்” என்றார். மகளுக்குப் பெண்பிள்ளை. சரக்கை அவரே அரைத்தார்.

இனி உங்கள் கையில்

இந்தக் கதை என் கையை விட்டுப்போய்க் கன காலம். போன வருடம் விட்பியில் ஒரு கலியாண மண்டபத்தில், என்னைத் தெரியாத ஒருவர் இதை எனக்கே சொன்னார். அவர் சொன்னதில் நாகேசக்கா மேசையில் அடித்து நீதிபதியை ஏசுகிறார். நீதிபதி விம்மி அழுகிறார். மொழிபெயர்க்கப் போனவன் வீரமாக எழும்பி நின்று தமிழருக்காகப் பேசுகிறான். அஜக்ஸ் பக்கத்தில் வேறொரு கதை. அங்கே நாகேசக்காவை நாடு கடத்தியே விட்டார்கள்.

மண்டபத்தில் எனக்கு முன்னால் வடையும் பிளேன்ரீயும். நான் வீரனாகிப்போன கதையைக் கேட்டுக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் எனக்கு விளங்கியது. நாகேசக்காவின் சொல்லை மாற்ற விட்டு, இரண்டாம் தரமும் அதே பிழையை விட்டிருக்கிறேன். அதுதான் எழுத உட்கார்ந்தேன்.

நாகேசக்காவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். “பால் பொங்கினதையும் எழுதியிருக்கிறீர்” என்று சிரித்தார். வேறு ஒன்றையும் மாற்றச் சொல்லவில்லை.

நீங்களும் இதை விருப்பமான ஆட்களுக்குச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள், ஆங்கிலத்தில் சொன்னாலும் சரி. அவர் மேசையில் அடிக்கவில்லை. மடியில் கை கோர்த்திருந்தார். நீதிபதி அழவில்லை, கண்ணாடியைக் கழற்றினார். மொழிபெயர்த்தவன் வீரனல்ல, பயந்தவன், பிறகு திருத்தியவன். அவர் கேட்டது ஐந்தே ஐந்து சொல். கோடு போடேக்கை அந்தக் காணிக்காரரைக் கேட்டவையோ?

எதையும் கூட்டவேண்டாம். எதையும் குறைக்கவேண்டாம். வேறு எந்தச் சொல் மறந்தாலும், காணியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.